ஊசி மூலம் போதை எடுப்பவர்களுக்கு ஹெபடைடிஸ் சி பரிசோதனை: கார்டில் தொடங்கி ஆர்என்ஏ முடிவு வரை

விரல் ரத்தம் விட்டுப் பார்க்கும் சோதனைக் கார்டில் இரண்டு கோடு தெரிந்ததும் “உனக்கு ஹெபடைடிஸ் சி இருக்கு” என்று சொல்லி, பெரியாஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சீட்டோடு போனவர் அங்கே போனாரா, போய் என்ன ஆனது என்பது பெரும்பாலும் தெரியவராது. சொன்ன செய்தியும் சரியில்லை. கார்டு காட்டுவது ஆன்டிபாடியை. அதாவது, கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்ததற்கான தடயத்தை. கிருமி இன்றைக்கும் ரத்தத்தில் இருக்கிறதா என்பதை, கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் ஆர்என்ஏ சோதனைதான் சொல்லும். தொற்றியவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் கிருமி தானாகப் போய்விடுகிறது. மருந்து சாப்பிட்டுக் குணமானவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கும் கார்டில் வருடக்கணக்காக இரண்டு கோடுதான் விழும். ஆகவே கார்டு என்பது பாதிப் பரிசோதனை. மீதிப் பாதியை அதே இடத்தில், முடிந்தால் அதே நாளில் முடிக்கும் வழியை இங்கே எழுதுகிறோம்.

இது ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்கான டிராப்-இன் மையம், ஓஎஸ்டி மையம் (போதைக்குப் பதிலாக மாற்று மருந்து தரும் இடம்), நம்பிக்கை மையம் (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆகியவற்றில் வேலை செய்பவர்களுக்காக எழுதப்பட்டது. ஊசி போடுபவர்களும் படிக்கலாம். தங்களுக்குச் செய்யப்பட வேண்டியது என்ன என்று தெரிந்திருந்தால் கேட்டு வாங்க முடியும்.

யாரைப் பரிசோதிக்க வேண்டும்

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை போதைக்காக ஊசி போட்டிருந்தாலும் பரிசோதிக்க வேண்டும். இருபது வருடத்துக்கு முன் நிறுத்தியவரும் இதில் சேர்த்திதான்.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. சென்னையில் ஒரு காலத்தில் பிரவுன் சுகரும் (கலப்பட ஹெராயின்) பியூப்ரநார்ஃபின் ஊசியும்தான் பேச்சாக இருந்தது. இப்போது டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைக் கரைத்து ஏற்றும் இளைஞர்கள் இருக்கிறார்கள். “போதை ஊசி பழக்கம் உண்டா?” என்று கேட்டால் அவர்களில் பலர் இல்லை என்பார்கள். அவர்கள் கணக்கில் அது மாத்திரை. “கடைசியா எப்ப ஊசி போட்டீங்க? கூட யாரெல்லாம் இருந்தாங்க?” என்று கேட்டால் பதில் வரும்.

அடுத்த கேள்வி பொருட்களைப் பற்றியது. “ஊசி என்னோடது, வேற யாரும் தொடல” என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கரைத்த ஸ்பூன், வடிகட்டிய பஞ்சு, தண்ணீர் ஊற்றிய பாட்டில் மூடி எல்லாம் பொதுவாக இருந்தால் அதன் வழியாகவும் இந்தக் கிருமி பரவும். எச்ஐவியை விட இது பிடிவாதமானது. சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் 63 நாள் வரை உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஊசியை மட்டும் மாற்றி எச்ஐவியிலிருந்து தப்பியவர்களுக்கு ஹெபடைடிஸ் சி வந்திருப்பதன் காரணம் இதுதான்.

எந்தச் சோதனை, எப்போது

தொற்று ஏற்பட்டு 1 முதல் 2 வாரத்தில் ஆர்என்ஏ தெரிய ஆரம்பிக்கும். ஆன்டிபாடி தெரிவதற்குச் சாதாரணமாக 8 முதல் 11 வாரம் ஆகும். எச்ஐவி இருந்து சிடி4 (நோய் எதிர்ப்பு அணு) எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம், வராமலேயும் போகலாம். எனவே மூன்று வகையினருக்குக் கார்டு போட்டு நேரத்தை வீணாக்காமல் நேராக ஆர்என்ஏ எடுங்கள். முன்பே கார்டில் பாசிட்டிவ் வந்தவர்கள், சிகிச்சை முடித்துக் குணமானவர்கள், கடந்த மூன்று மாதத்தில் ஊசியைப் பகிர்ந்ததாகச் சொல்பவர்கள். சிடி4 குறைந்த எச்ஐவி உள்ளவருக்குக் கார்டு நெகட்டிவ் என்றாலும் ஆர்என்ஏ பார்க்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் முதலில் கார்டு.

நாளையும் நேரத்தையும் முடிவு செய்தல்

ஓஎஸ்டி மையத்தில் மருந்து வாங்க வரும் காலை நேரத்தை விடப் பொருத்தமான நேரம் இல்லை. மருந்து எடுத்துக்கொண்ட பிறகு ஆள் நிதானமாக இருப்பார், ஒரு மணி நேரம் உட்காருவார். போதை கிடைக்காமல் ஜோரம் பிடித்து நடுங்கிக்கொண்டு வருபவரை ரத்தம் கொடுக்கச் சொல்லி உட்கார வைத்தால், முடிவு வருவதற்குள் எழுந்து போய்விடுவார். அது அவர் குற்றம் இல்லை. முழு போதையில் இருப்பவரிடம் சம்மதமும் வாங்க முடியாது. அவரை மறுநாள் வரச் சொல்லுங்கள்.

இயந்திரம் இருக்கும் இடத்தையும் அதே நாளில் பேசி வைக்க வேண்டும். காசநோய்க்காக வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட், ட்ரூநாட் கருவிகளிலேயே ஹெபடைடிஸ் சி ஆர்என்ஏவும் பார்க்கலாம்; உள்ளே போடும் கார்ட்ரிட்ஜ் அல்லது சிப் மட்டும் வேறு. நான்கு அறை கொண்ட ஜீன்எக்ஸ்பெர்ட்டில் ஒரு நேரத்தில் நான்கு பேருக்குத்தான் ஓட்ட முடியும். முப்பது பேரை ஒரே காலையில் கூட்டிவந்தால் இருபத்தாறு பேர் சலித்துப்போவார்கள். நான்கு நான்காக அழையுங்கள். ஒரே செட்டாகச் சேர்ந்து ஊசி போடுபவர்களை ஒரே நாளில் அழைப்பது இன்னும் நல்லது. பிறகு சிகிச்சையையும் சேர்ந்தே தொடங்கினால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் திரும்பத் தொற்றுவது குறையும்.

பத்துப் பேருக்குப் பத்து கார்டு போதாது, பன்னிரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டு வீணாகும். லான்செட் (விரலில் குத்தும் சிறு ஊசி) பதினைந்து, ஸ்பிரிட் பஞ்சு இருபது, கையுறை ஆளுக்கொரு ஜோடி, உலர்ந்த பஞ்சு, பிளாஸ்டர், குத்தினாலும் துளையாத வெள்ளை டப்பா, மஞ்சள் பை, சிவப்புப் பை, நிமிடம் காட்டும் கடிகாரம், வெந்நீர் ஃபிளாஸ்க். பிஸ்கட்டும் டீயும் மறக்க வேண்டாம். இந்தப் பட்டியலில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது கடிகாரம்தான்.

கிட்டை எங்கே வைத்திருந்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலான கார்டுகள் 2 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் அரை நாள் கிடந்த கிட்டை நம்பக் கூடாது. ஐஸ் பேக் போட்ட தடுப்பூசிப் பெட்டி போதும். ஆனால் கார்டு ஐஸைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பெட்டியிலிருந்து எடுத்ததும் சூடு சமமாகும் வரை காத்திருந்து, பிறகு உறையைப் பிரியுங்கள்.

சம்மதம்: ஐந்து நிமிடப் பேச்சு

இந்த ஐந்து விஷயங்கள் போதும்: எதற்காகச் சோதனை, இரண்டு கட்டம் இருக்கிறது, முதல் கட்டத்தில் கோடு விழுந்தால் அது முடிவல்ல, முடிவு வேறு யாருக்கும் சொல்லப்படாது, பாசிட்டிவ் என்றால் குணப்படுத்த மாத்திரை இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை முதலில் சொன்னாலும் தவறில்லை. “தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?” என்று கேட்பவருக்கு அதுதான் பதில்.

போலீஸ் பயத்தைப் பற்றி அவர் கேட்காவிட்டாலும் பேசிவிடுங்கள். பதிவேட்டில் என்ன எழுதுகிறீர்கள், அதை யார் பார்ப்பார்கள் என்று திறந்து காட்டுங்கள். பரிசோதனைக்கு அடையாள அட்டை வேண்டுமா, சிகிச்சைக்கு வேண்டுமா என்பதைச் சிகிச்சை மையத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெருவில் தங்குபவருக்கு அங்கே போன பிறகு ஆதார் கேட்டால் கதை முடிந்தது.

விரலில் குத்துவது

முதலில் கையைச் சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். அழுக்குப் போகும், ரத்தமும் விரலுக்கு இறங்கும். கையைத் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் உட்காரட்டும். மோதிர விரல் அல்லது நடுவிரல். அதிகம் புழங்காத கை. நுனியின் நட்டநடுவில் குத்தாமல் சற்றுப் பக்கவாட்டில் குத்துங்கள். அங்கே வலியும் குறைவு, ரத்தமும் நன்றாக வரும்.

ஸ்பிரிட் தடவிய பிறகு அது தானாகக் காய வேண்டும், சுமார் 30 விநாடி. வாயால் ஊதக் கூடாது. ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட் ரத்தத்தில் கலந்து அணுக்களை உடைக்கும், கார்டின் பின்புலம் சிவந்துபோய்க் கோடு தெரியாமல் போகும். முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை எடுங்கள். விரலைப் பிழியாதீர்கள், பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும். வரவில்லையென்றால் கையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி மெதுவாக நீவுங்கள்.

கார்டுக்குத் தேவைப்படும் ரத்தம் மிகக் குறைவு, பல கிட்டுகளில் 10 மைக்ரோலிட்டர். கிட்டோடு வரும் குழாயின் கோடு வரை எடுத்து, குழியில் விட்டு, கூட வரும் பஃபர் திரவம் எத்தனை சொட்டு என்று கிட் தாளில் போட்டிருக்கிறதோ அத்தனை மட்டும் விடுங்கள். பாட்டிலை நேர்செங்குத்தாகப் பிடித்தால்தான் சொட்டின் அளவு சரியாக இருக்கும். ஒரு கம்பெனி கார்டுக்கு இன்னொரு கம்பெனி பஃபரை ஊற்றுவது நடக்கிறது. நடக்கக் கூடாது.

லான்செட் வெள்ளை டப்பாவுக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு, கையுறை சிவப்புப் பைக்கு. தரையில் ரத்தம் சிந்தினால் 1 சதவீத ஹைப்போகுளோரைட் ஊற்றி 20 நிமிடமாவது விட்டுத் துடையுங்கள். 5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு. நேற்றுக் கலந்ததை இன்று பயன்படுத்த வேண்டாம், வீரியம் போயிருக்கும். பணியாளர் கையில் குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிழிய வேண்டாம். குத்திய பிறகு தொற்றாமல் தடுக்கும் மருந்து ஹெபடைடிஸ் சிக்குக் கிடையாது. எச்ஐவிக்கு உண்டு, அதற்கு உடனே ஓடுங்கள். குத்தப்பட்டவருக்கு 48 மணி நேரத்துக்குள் அடிப்படைச் சோதனை, 3 முதல் 6 வாரத்தில் ஆர்என்ஏ, 4 முதல் 6 மாதத்தில் ஆன்டிபாடி.

கார்டைப் படிப்பது

பல கார்டுகளில் ஆங்கில ‘சி’ எழுத்தின் அருகே ஒரு கோடு விழும். அது கண்ட்ரோல் கோடு, கார்டு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பவர் ‘சி’ என்றால் ஹெபடைடிஸ் சி என்று நினைத்துப் பதறிவிடுவார். முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கண்ட்ரோலும் டெஸ்ட் கோடும் சேர்ந்து விழுந்தால் ரியாக்டிவ், அதாவது ஆன்டிபாடி இருக்கிறது. டெஸ்ட் கோடு மங்கலாக இருந்தாலும் ரியாக்டிவ்தான். “லைட்டாத்தான் இருக்கு” என்று நெகட்டிவ்வில் தள்ளாதீர்கள். கண்ட்ரோல் கோடே இல்லையென்றால் அந்தக் கார்டு செல்லாது, புதிய கார்டில் திரும்பப் போடுங்கள். படிக்கும் நேரம் கிட்டுக்குக் கிட் மாறும். நேரத்துக்கு முன் பார்த்தால் கோடு இன்னும் வந்திருக்காது. நேரம் தாண்டிப் பார்த்தால், காய்ந்த கார்டில் இல்லாத கோடு தெரியும். கடிகாரம் எதற்கென்று இப்போது புரியும்.

வாய்த் திரவத்தில் பார்க்கும் சுயபரிசோதனைக் கிட்டும் உலகில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சுயபரிசோதனையைப் பரிந்துரைத்து, 2024 ஜூலையில் முதல் கிட்டுக்குத் தரச்சான்று கொடுத்தது. அதுவும் ஆன்டிபாடிதான், அதன் பிறகும் ஆர்என்ஏ வேண்டும்.

ஆர்என்ஏ: இரண்டு வழி

முதல் வழி விரல் ரத்தம். ஜீன்எக்ஸ்பெர்ட்டில் இதற்கென்றே தனி கார்ட்ரிட்ஜ் உண்டு: 100 மைக்ரோலிட்டர் ரத்தம், சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு. கார்டுக்கு எடுத்ததைப் போல பத்து மடங்கு ரத்தம் என்பதால் விரல் நன்றாகச் சூடாகி இருக்க வேண்டும், லான்செட்டும் சற்று ஆழமாகக் குத்துவதாக இருக்க வேண்டும். குழாய் முழுக்க நிறையாவிட்டாலோ நடுவில் காற்றுக்குமிழ் இருந்தாலோ இயந்திரம் பிழை காட்டும், விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜ் வீணாகும். நிறையவில்லையென்றால் வேறு விரலில் குத்துங்கள்.

இரண்டாவது வழி நரம்பு ரத்தம். கையில் தழும்பு ஏறி நரம்பு மறைந்துபோனவர்களிடம் இதுதான் பெரிய தடை. மூன்று நான்கு முறை குத்தி, “உங்களுக்கு நரம்பே இல்ல” என்று லேப்பில் அலுத்துக்கொண்டதைக் கேட்டவர் மறுபடி வர மாட்டார். எந்த நரம்பு கிடைக்கும் என்று அவரிடமே கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், கையில் வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடுங்கள், 23 கேஜ் பட்டர்ஃபிளை ஊசி எடுங்கள், இறுக்கும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்காதீர்கள். இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லையென்றால் நிறுத்திவிட்டு அனுபவமுள்ள இன்னொருவரைக் கூப்பிடுங்கள். சீழ் கட்டிய இடத்தின் அருகே குத்தவே கூடாது. சீழைப் பார்த்தால் அதற்கும் மருந்து போட்டு அனுப்புங்கள்.

ஒருமுறை குத்தி நரம்பு கிடைத்துவிட்டால் எல்லாவற்றையும் அப்போதே எடுத்துவிடுங்கள். ஆர்என்ஏவுக்கு ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் 4 முதல் 5 மில்லி. பிளேட்லெட் எண்ணிக்கைக்கு இன்னொரு ஊதா மூடிக் குழாயில் 2 மில்லி. கல்லீரல் சோதனைகளுக்குச் சீரம் குழாயில் 4 மில்லி. எடுக்கும் வரிசையில் சீரம் குழாய் முதலில் வரட்டும், ஈடிடிஏ பிறகு. ஈடிடிஏ குழாயை 8 முதல் 10 முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்புங்கள், குலுக்காதீர்கள். பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில் எடுத்தால் ஆர்என்ஏ சோதனை கெட்டுவிடும். ஆர்என்ஏவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் முறையை ஹெப்பாரின் தடுக்கும். பிளாஸ்மாவை 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிடுவது பாதுகாப்பான பழக்கம். ஜீன்எக்ஸ்பெர்ட்டின் பிளாஸ்மா கார்ட்ரிட்ஜுக்கு 1 மில்லி பிளாஸ்மா வேண்டும், முடிவுக்கு 105 நிமிடம் ஆகும். விரல் ரத்தக் கார்ட்ரிட்ஜும் பிளாஸ்மாக் கார்ட்ரிட்ஜும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், பெயரைப் படித்து எடுங்கள்.

இயந்திரம் ஊரிலேயே இல்லையென்றால் கார்டு ரியாக்டிவ் ஆன அதே நிமிடத்தில் ரத்தத்தை எடுத்து லேப்புக்கு அனுப்புங்கள். ரத்தம் பயணம் செய்யட்டும், ஆளை அலைய விட வேண்டாம்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

“டார்கெட் நாட் டிடெக்டெட்” என்றால் கிருமி இல்லை. ஒரு எண் வந்தால் (மில்லிக்கு இத்தனை சர்வதேச அலகு என்று) கிருமி இருக்கிறது. எண் பெரிதாக இருப்பதற்கும் கல்லீரல் கெட்டிருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. பத்து லட்சம் என்று பார்த்துப் பயந்துபோகிறவரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். “டிடெக்டெட், ஆனால் அளவிடும் எல்லைக்குக் கீழே” என்று வந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். “இன்வேலிட்”, “எரர்” என்று வந்தால் அது நெகட்டிவ் அல்ல.

கல்லீரல் எந்த நிலையில்

ஆர்என்ஏ பாசிட்டிவ் என்றதும் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது) இருக்கிறதா என்பதை இரண்டு சாதாரண ரத்தச் சோதனையை வைத்தே கணிக்கலாம். ஏப்ரி கணக்கு: ஏஎஸ்டி (கல்லீரல் நொதி) அளவை லேப்பின் மேல் எல்லையால் வகுத்து, 100-ஆல் பெருக்கி, பிளேட்லெட் எண்ணிக்கையால் (ஆயிரத்தில்) வகுக்க வேண்டும். உதாரணமாக ஏஎஸ்டி 88, மேல் எல்லை 40, பிளேட்லெட் 1.1 லட்சம். 88-ஐ 40-ஆல் வகுத்தால் 2.2, நூறால் பெருக்கினால் 220, 110-ஆல் வகுத்தால் 2. ஏப்ரி 2 அல்லது அதற்கு மேல் என்றால் சிரோசிஸ் என்று சந்தேகப்பட வேண்டும். லட்சத்தில் எழுதிய பிளேட்லெட்டை ஆயிரமாக மாற்றாமல் அப்படியே 1.1 என்று போட்டு 200 என்று விடை கண்டு திகைப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

இன்னொரு கணக்கு ஃபிப்-4: வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, பிளேட்லெட்டையும் ஏஎல்டி என்ற இன்னொரு கல்லீரல் நொதியின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய விடையால் வகுக்க வேண்டும். அதே ஆளுக்கு வயது 34, ஏஎல்டி 100 என்றால் 2992-ஐ 1100-ஆல் வகுக்க 2.72 வரும். எல்லை 3.25, அதைத் தாண்டவில்லை. ஒன்று தாண்டி ஒன்று தாண்டாவிட்டால் தாண்டியதையே எடுத்துக்கொண்டு மேல்சிகிச்சை மையத்துக்கு அனுப்புங்கள். முந்தைய வாரம் நிறையக் குடித்திருந்தால் ஏஎஸ்டி ஏறி ஏப்ரி பெரிதாகத் தெரியும். குடியைப் பற்றிக் கேட்டுக் குறித்து வையுங்கள்.

ஹெபடைடிஸ் பியும் எச்ஐவியும் அன்றே பார்க்க வேண்டும். பி இருப்பவர் சிக்கு மாத்திரை தொடங்கினால், அதுவரை அடங்கிக் கிடந்த பி கிளம்பிக் கல்லீரலைத் தாக்கக்கூடும். பி இல்லாதவருக்கு அதற்கான தடுப்பூசியைத் தொடங்குங்கள்.

முடிவைச் சொல்வதும் மாத்திரைக்கு அனுப்புவதும்

தனியாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஒன்றாகச் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, குழந்தையைத் தூக்குவது எதனாலும் பரவாது. ரேசர், பிரஷ், பச்சை குத்தும் ஊசி ஆகியவற்றைப் பகிரக் கூடாது. வீட்டாரிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சிரோசிஸ் இல்லாதவருக்கு சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராமும் டக்ளாடஸ்விர் 60 மில்லிகிராமும் தினமும், 12 வாரம். சிரோசிஸ் இருந்தால் வேல்படஸ்விர் சேர்ந்த மாத்திரை. கல்லீரல் தளர்ந்துபோனவர்களுக்கு ரிபாவிரின் சேர்ப்பது அல்லது 24 வாரம் கொடுப்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஓஎஸ்டி மருந்தாக மெத்தடோனோ பியூப்ரநார்ஃபினோ எடுப்பவர் அதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், இதயத்துக்கான அமியோடரோன் ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கட்டாயம் கேட்டுச் சீட்டில் எழுதுங்கள். எச்ஐவிக்கான எஃபாவிரென்ஸ் எடுப்பவருக்கு டக்ளாடஸ்விர் அளவு மாறும். கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்குப் பொதுவாகப் பிரசவத்துக்குப் பிறகே தொடங்குவார்கள்.

“முதல்ல போதைய விட்டுட்டு வா, அப்புறம் மாத்திரை” என்று சில இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் இப்படி ஒரு நிபந்தனை கிடையாது. இப்போதும் ஊசி போடுபவருக்கும், புதிதாகத் தொற்றியவருக்கும் தாமதமில்லாமல் சிகிச்சை தர வேண்டும் என்பதுதான் அதன் நிலை. ஊசி போட்டுக்கொண்டிருப்பவர் குணமானால் அவரிடமிருந்து பரவுவதும் நின்றுவிடுகிறது. முதல் தடவை சிகிச்சை மையத்துக்குப் போகும்போது பியர் எஜுகேட்டர் (அதே அனுபவம் உள்ள வழிகாட்டி) ஒருவர் கூடப் போவது இந்த மாதிரி நேரத்துக்குத்தான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

கார்டு நெகட்டிவ் வந்து, தொடர்ந்து ஊசி போடுபவருக்கு வருடம் ஒருமுறையாவது கார்டு. குணமானவருக்கும், தானாகக் கிருமி போனவருக்கும், ஊசி தொடர்ந்தால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை ஆர்என்ஏ. ஒருமுறை வந்து போனால் மறுபடி வராது என்பது அம்மைக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்என்ஏவில் கிருமி இல்லையென்றால் குணமாகிவிட்டார் என்று பொருள். மாத்திரை முடிந்ததும் பலர் வராமல் போவது இந்த இடத்தில்தான், ஆகவே அந்தத் தேதியைக் கடைசி மாத்திரை டப்பாவின் மேலேயே எழுதிக் கொடுங்கள்.

அந்த ரிப்போர்ட்டின் நகலோடு, சிகிச்சை தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மாத்திரையின் பெயர் எழுதிய ஒரு மருத்துவர் கடிதமும் வாங்கிக் கொடுங்கள். வேறு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு முன்போ, வளைகுடா வேலைக்கான மெடிக்கலிலோ ஆன்டிபாடி பார்ப்பார்கள், இரண்டு கோடு விழும். அப்போது கையில் காட்ட அவரிடம் அந்தக் காகிதம்தான் இருக்கும்.